வாசகர் கேள்வி: வாங்கியவர்கள் சொல்வதை எப்படிப் படிப்பது?

கேள்வி: பாக்கெட்டில் அடங்கும் கேமரா ஒன்றும், கத்தி, குறடு என்று பல கருவிகள் ஒன்றாக மடங்கி அடங்கும் சின்ன மல்டிடூல் ஒன்றும் வாங்கப் போகிறேன். வாங்கியவர்களின் கருத்துகளைப் படித்தால் குழப்பம்தான் மிச்சம். ஒரே பொருளை ஒருவர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார், இன்னொருவர் தண்டம் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையுமே நம்பலாம். எந்த வேலைக்கு வாங்கினார்கள் என்று மட்டும் பாருங்கள். ரிகோ ஜிஆர் 3 கேமராவில் ஜூம் கிடையாது, ஃபிளாஷ் கிடையாது, பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடும். மேடை நிகழ்ச்சியைக் கடைசி வரிசையிலிருந்து எடுக்க வாங்கியவர் திட்டாமல் என்ன செய்வார்? நடந்துகொண்டே தெருவைப் படம் பிடிப்பவருக்கோ, வெறும் 257 கிராமில் பெரிய கேமராக்களுக்குரிய ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) கிடைக்கிறது. அவர் கொண்டாடுவதும் நியாயம்தான்.

அடுத்து, எப்போது எழுதினார் என்று பாருங்கள். பெட்டியைப் பிரித்த அன்றே எழுதிய பாராட்டுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. லென்ஸ் உள்ளே போய் வெளியே வரும் கேமராக்களில், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் லென்ஸ் குழாய் காற்றை உள்ளே இழுக்கும். பாக்கெட்டில் இருக்கும் துணிப் பஞ்சும் தூசியும் சேர்ந்தே போய், சென்சாரில் ஒட்டிக்கொள்ளும். பல மாதம் கழித்து வானத்தை எடுக்கும் படத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு தெரியும். பழைய கேமரா வாங்குவதாக இருந்தால் லென்ஸின் திறப்பை எஃப்/11 அளவுக்குச் சுருக்கி வெள்ளைச் சுவர் ஒன்றைப் படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். இந்தப் புகார் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடிப் படிப்பது, மெகாபிக்சல் கணக்கு பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

மல்டிடூலில் நேர்மாறு. புதிதில் ‘திறக்கவே முடியவில்லை, நகம் பெயர்கிறது’ என்று எழுதுவார்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நாலு வாரம் புழங்கினால் அது சரியாகிவிடும். ஒரு வருடம் கழித்து ‘கத்தி ஆடுகிறது, பூட்டு நிற்கவில்லை’ என்று (விரித்த கத்தி மடங்காமல் பிடிப்பதுதான் பூட்டு) ஒருவர் எழுதினால் அதைத்தான் காதில் போட்டுக்கொள்ள வேண்டும், விரலுக்கு ஆபத்து.

அப்புறம், எத்தனை கருவி என்ற எண்ணிக்கைக்கு மயங்காதீர்கள். லெதர்மேன் வேவ் பிளஸ் என்ற மல்டிடூலில் 18 இருக்கிறது, எடை 241 கிராம். சட்டைப் பாக்கெட் தொங்கிப்போகும். அதே நிறுவனத்தின் ஸ்கெலிடூல் 142 கிராம்தான், ஆனால் கத்தரிக்கோல் இல்லை என்ற குறை உண்மை. கேமராவை முக்காலியில் மாட்டும் தட்டின் திருகு தளர்ந்தால் இறுக்கவும், கம்பி வளைக்கவும்தான் எனக்கு வேண்டும் என்பதால் நான் அதையே வைத்திருக்கிறேன். நூல் வெட்ட, பார்சல் பிரிக்க மட்டும் என்றால் 21 கிராம் விக்டரினாக்ஸ் கிளாசிக் என்ற குட்டி மடக்குக் கத்தி போதும். அதன் கத்திக்குப் பூட்டு கிடையாது, அழுத்தி வெட்டாதீர்கள்.

கேள்வி: விமானத்தில் இரண்டையும் ஒரே பையில் வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். கத்தியுள்ள மல்டிடூலைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள். சில நாடுகளில் 6 செ.மீ. வரை கைப்பையில் விடுவார்கள். திரும்பி வரும் ஊரில் வேறு விதி இருந்தால் பறிபோய்விடும். கேமராவின் உபரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி.