கடனும் கட்டணும், துணியும் எடுக்கணும்: கேள்வி பதில்

ஆடித் தள்ளுபடி விளம்பரம் வந்தாலே எனக்கும் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவில் வெகுகாலம் இருந்தவன் நான். இப்போது கடனில் இருக்கும் குடும்பங்களுக்கு வரவு செலவு போட்டுக் கொடுக்கிறேன். துணிச் செலவு பற்றி எதையும் கேளுங்கள். பங்குச் சந்தை, வீட்டு மனை எல்லாம் வேறு ஆளிடம்.

ஒரகடம் ஷிப்ட்காரர்: சார், கைக்கு வரும் சம்பளம் 32,000. மனைவி, இரண்டு பிள்ளைகள். கிரெடிட் கார்டு பாக்கி 1,40,000. வருஷத்துக்குத் துணிக்கு எவ்வளவு வைக்கலாம்?

கடன் தீரும்வரை வருஷத் துணிச் செலவு அரை மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. சட்டம் ஒன்றும் இல்லை, எனக்குப் பழகிய அளவு. உங்களுக்கு 16,000. இதை மாதத்துக்கு இவ்வளவு என்று பிரிக்காதீர்கள், நாம் மாதாமாதம் துணி எடுப்பதில்லை. தேதிக்குப் பிரியுங்கள். தீபாவளிக்கு நாலு பேருக்கும் சேர்த்து 7,000. ஜூனில் பள்ளிச் சீருடைக்கும் ஷூவுக்கும் 2,500. பனியன், ஜட்டி, நைட்டி, துண்டு, போர்வைக்கு 2,500. யாரும் இதை எழுதி வைப்பதில்லை, ஆனால் பில்லைப் பார்த்தால் வருஷா வருஷம் வந்து நிற்கும். தையல் கூலிக்கு 1,500, விசேஷத்துக்குக் கொடுக்கும் துணிக்கு 1,500, கிழிந்தது, சைஸ் போனது என்று அவசரத்துக்கு 1,000. பொங்கலுக்கு ஏன் எதுவும் இல்லை என்று கேட்காதீர்கள், தீபாவளித் துணி அதற்குள் இரண்டு தடவைகூடத் துவைத்திருக்காது.

பிள்ளைகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குள் சத்துணவு சாப்பிடுகிறவர்கள் என்றால் வருஷத்துக்கு நாலு செட் சீருடை இலவசமாக வரும். அப்போது அந்த 2,500-இல் பெரும்பகுதி நேரே கார்டுக்குப் போகட்டும்.

கோவை வாசகி: 900 ரூபாய்க்குள் புடவை என்று கட்டுப்பாடாகத்தான் எடுக்கிறேன். ஆனாலும் பட்ஜெட் நிற்பதே இல்லையே அண்ணா?

புடவை 900 தான் அம்மா. அப்புறம்? ஃபால்ஸும் ஓரமும் அடிக்க 130, லைனிங் துணி 100, பிளவுஸ் தைக்க 650, முந்திக்குக் குச்சம் 150. எங்கள் ஏரியா விலை இது, உங்கள் டெய்லர் கூடவோ குறையவோ கேட்பார். 900 ரூபாய் புடவையைக் கட்டும்போது விலை 1,900-ஐத் தாண்டிவிட்டது. ஆரி வேலை என்று ஆரம்பித்தால் பிளவுஸ் புடவையை முந்திவிடும். கடையில் இருந்தபோது நான் பார்த்தது, விலை குறைந்த புடவை எடுப்பவர்கள் ஒன்றுக்கு மூன்றாக எடுப்பார்கள். மூன்றுக்கும் தையல் கூலி உண்டு என்பது பில் போடும் இடத்தில் யாருக்கும் நினைவு வராது. கறுப்பு, மெரூன், தங்க நிறத்தில் மூன்று பிளவுஸ் நன்றாகத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் புடவைக்கு அதுவே போதும். புடவையோடு வரும் பிளவுஸ் பிட்டை வெட்டியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

மேடவாக்கம்: ஆடியில் 20% தள்ளுபடி. கார்டில் தேய்த்து எடுத்து வைத்துவிட்டால் தீபாவளிக்கு லாபம்தானே?

கார்டில் பாக்கி ஒரு பைசா இல்லை என்றால் லாபம். பாக்கி இருந்தால் நஷ்டம். 8,000 ரூபாய்த் துணி 6,400-க்கு வருகிறது, மிச்சம் 1,600. மாதம் 3.5% வட்டி, வட்டிக்கு மேல் 18% ஜிஎஸ்டி. ஆக 6,400-க்கு மாதம் 264 ரூபாய். வட்டிக்கு வட்டியும் ஏறுவதால் ஆறாவது மாதம் உங்கள் 1,600 காலி. தை பிறக்கும்போது தள்ளுபடி வங்கிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய பாக்கியை முழுசாகக் கட்டாமல் இழுத்துக்கொண்டு போனால், புதிதாக வாங்கும் பொருளுக்கு அந்த 45, 50 நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி. அதனால் பாக்கி இருக்கும் கார்டில் துணி எடுக்காதீர்கள். இதை இன்று இன்னும் சில தடவை சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரியும்.

சேலம், கணக்கு வாத்தியார்: ஒரு சந்தேகம். துணிக்கு என்று மாதம் 1,300 ஒதுக்கி வைப்பதைவிட, அதையும் கார்டில் கட்டிவிட்டுத் தீபாவளிக்குக் கார்டிலேயே எடுத்தால் வட்டி மிச்சம் இல்லையா? சேமிப்புக் கணக்கில் என்ன வட்டி வந்துவிடப் போகிறது?

இன்று வந்ததில் உருப்படியான கேள்வி இதுதான். கணக்குப்படி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பத்து மாதம் 1,300 வீதம் முன்கூட்டியே கார்டில் கட்டினால், நான் மேலே போட்ட அதே வட்டியில், வட்டிக்கு வட்டி சேர்க்காமலே சுமார் 2,400 ரூபாய் மிச்சம். சின்னத் தொகை இல்லை. ஒரு ஆளுக்குத் தீபாவளித் துணியே வந்துவிடும்.

ஆனால் 13,000 கட்டியவர் 13,000-க்குத்தான் எடுப்பாரா? கையில் காசு இருந்தால் 13,000 தீர்ந்ததும் மூன்றாவது மாடிக்கு ஏற மாட்டார். கார்டில் இடம் இருந்தால் ஏறுவார். குழந்தைகள் பிரிவை மேல்மாடியில் வைப்பதும், போகிற வழியெல்லாம் மேட்சிங், தங்க முலாம் நகை, பை என்று அடுக்குவதும் சும்மா இல்லை. அந்த 2,400-ஐ ஒரே மாலையில் வாங்கிவிடுவார்கள்.

அதனால் நான் நடுவில் ஒரு வழி சொல்வேன். ஜூலை வரை துணிப் பணத்தையும் கார்டில் கட்டுங்கள். ஆகஸ்டிலிருந்து ஒதுக்க ஆரம்பியுங்கள், மீதிக்குப் போனஸ். போனஸ் சட்டத்துக்குள் வருகிறவர்களுக்கு, போனஸுக்குக் கணக்கிடும் சம்பளத்தில் குறைந்தது 8.33%, அதிகபட்சம் 20%. அதில் துணிக்கு எவ்வளவு என்பதைப் பணம் வரும் முன்பே முடிவு செய்து, மீதியை வந்த அன்றே கார்டில் போட்டுவிடுங்கள். வட்டியில் பாதிக்கு மேல் மிச்சம், கடைக்குப் போகும்போது கையில் இருப்பதும் ரொக்கம்.

அம்பத்தூர்: நோ காஸ்ட் இஎம்ஐயில் துணி எடுக்கலாமா?

வேண்டாம். வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. தள்ளுபடியை வட்டியில் கழித்துக் காட்டுவார்கள், பிராசசிங் கட்டணமும் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் உங்கள் தலையில்.

மதுரை, தாய்மாமன்: அண்ணே, அக்கா மகளுக்குச் சடங்கு வைத்திருக்கிறார்கள். பட்டுப் புடவை, பாவாடை தாவணி, அக்காவுக்கு, மச்சானுக்கு, அவர் அம்மாவுக்கு என்று துணி மட்டும் 25,000 ஆகும்போல. எனக்கு வருஷத் துணிப் பட்ஜெட்டே 15,000. கார்டில் 90,000 பாக்கி. என்ன செய்ய?

முதலில் இதைத் துணிக் கணக்கில் எழுதாதீர்கள். இது முறைச் செலவு, மொய் நோட்டோடு சேர வேண்டியது. துணிக் கணக்கில் ஏற்றினால் உங்கள் பிள்ளைகளுக்குத் தீபாவளி இல்லை, அந்தக் கோபம் அக்கா மேல் திரும்பும். இரண்டாவது, அக்காவிடம் நேரே தொகையைச் சொல்லுங்கள். “என்னால் 10,000 முடியும், அதில் என்ன வேண்டும் சொல்லு.” பிள்ளைக்குச் செய்வதைக் குறைக்காமல் மச்சான், சம்பந்தி வீட்டு வரிசையைக் குறைக்கலாம்.

திண்டுக்கல்: சார் ஊர் முறை தெரியாமல் பேசுகிறீர்கள். தாய்மாமன் தட்டு குறைந்தால் முப்பது வருஷம் கழித்தும் சொல்லிக் காட்டுவார்கள். கடனை மெதுவாகக் கட்டிக்கொள்ளலாம்.

சொல்லிக் காட்டுகிறவர் வட்டியைக் கட்டுவாரா?

கும்பகோணம் மாமி: எதற்கு இவ்வளவு சண்டை? பீரோவில் கட்டாத புடவை எல்லார் ஆத்திலும் இருக்கு. வந்ததை வச்சுக் கொடுத்துட வேண்டியதுதான்.

திண்டுக்கல்: அதே புடவை கொடுத்தவர் கைக்கே திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன் மாமி. பெரிய ரகளை.

கும்பகோணம் மாமி: அதுக்குத்தான் யார் கொடுத்ததுன்னு சீட்டு எழுதிப் புடவைக்குள்ளே வைக்கணும். கொடுக்கறச்சே எடுத்துடணும்.

திருநெல்வேலி: எங்கள் பக்கம் இப்போதெல்லாம் கூச்சம் இல்லாமல் பணமாகவே கொடுக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டுமே.

மூன்று பேரும் சேர்ந்து என் மாலையை எடுத்துக்கொண்டீர்கள், சரி, சொல்கிறேன். மாமி சொல்வது வளைகாப்பு, கிரகப்பிரவேசம், ரவிக்கைத் துணி வைத்துக் கொடுக்கும் இடங்களுக்கு அருமையான வழி. கடனில் இருப்பவர்கள் இன்றைக்கே பீரோவைத் திறந்து மடிப்புக் கலையாத புடவைகளை எண்ணினால், வருஷத்து விசேஷத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும். தாய்மாமன் சீருக்கு அது செல்லாது, அங்கே பட்டைத் தடவிப் பார்ப்பார்கள். திண்டுக்கல் நண்பருக்கு ஒன்று. தாய்மாமன் செய்வது ஒரு பக்க வரவு இல்லை. அவர் வீட்டு விசேஷத்துக்கு அக்கா வீட்டிலிருந்து திரும்ப வரும். இன்று 25,000 செய்தால் நாளை அக்காவும் கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும். யாராவது ஒருவர் தொகையைக் குறைத்தால் ரெண்டு வீடும் பிழைக்கும். பணமாகக் கொடுப்பது எனக்கும் பிடித்த வழி, ஆனால் சபையில் தட்டு வெறுமையாக இருக்கக் கூடாது என்பவர்கள் பாவாடை தாவணி ஒன்றை மட்டும் நல்லதாக எடுத்து, மீதியைக் கவரில் வையுங்கள்.

திண்டுக்கல்: கவரில் எவ்வளவு இருக்கிறது என்பதை மைக்கில் சொல்வார்களே சார்!

மைக்செட்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள். அடுத்து.

ஆவடி: தவணையில் எடுத்தால்…

அம்பத்தூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

விழுப்புரம்: ஈரோடு, திருப்பூர் போய் எடுத்தால் பாதி விலையாமே?

ஈரோடு ஜவுளிச் சந்தை, திருப்பூர் காதர்பேட்டை எல்லாம் அருமையான இடங்கள், வியாபாரிக்கு. நாலு பேர் குடும்பத்துக்குப் பஸ் டிக்கெட்டும் சாப்பாடும் போக என்ன மிஞ்சும்? மொத்த விலை வேண்டும் என்றால் கட்டாக எடு என்பார்கள். ஒரே சைஸில் பன்னிரண்டு பனியன் எதற்கு? பக்கத்து வீடுகளோடு சேர்ந்து பட்டியல் போட்டு ஒருவர் மட்டும் போய் வந்தால் சரி.

தஞ்சாவூர், அரசு ஊழியர்: கோ-ஆப்டெக்ஸில் வட்டியில்லாக் கடன் தருகிறார்கள். அதுவும் கூடாதா?

வட்டி இல்லை, சம்பளத்தில் பிடிக்கிறார்கள், தீபாவளிக்கு 30% தள்ளுபடியும் உண்டு. இருக்கிற கடனிலேயே இதுதான் சாது. ஆனாலும் கடன்தான், வருஷத் தொகைக்குள் அடக்குங்கள். அதைவிட அவர்களுடைய மாதச் சேமிப்புத் திட்டம் நல்லது. நீங்கள் கட்டுவதோடு நிறுவனமும் தன் பங்கைச் சேர்த்துத் துணியாகத் தரும். தெருவில் அக்கா ஒருவர் நடத்தும் தீபாவளிச் சீட்டு பற்றி யாரும் கேட்க வேண்டாம். 1982 சிட்பண்ட் சட்டப்படி பதிவான சீட்டு இல்லை என்றால் அது நம்பிக்கை மட்டும்தான், ரசீது இல்லை.

பெரம்பூர்: சட்டைக்கு 18% வரி போட்டார்கள். சரியா?

2025 செப்டம்பர் 22 முதல் தைத்த ஆடைக்கு ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை 5%, மேலே போனால் 18%. மொத்த பில்லைப் பார்த்து இல்லை, ஒவ்வோர் உருப்படிக்கும். அச்சிட்ட எம்ஆர்பியில் வரி அடக்கம், அதற்கு மேல் வரி என்று போட்டால் சண்டை போடுங்கள். கடனில் இருப்பவருக்கு 2,500-க்கு மேல் சட்டை எதற்கு என்பது தனிக் கேள்வி.

ஓசூர்: கார்டுக்காரர்கள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டுத் திட்டுகிறார்கள்.

துணிக் கேள்வி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது, அது ரிசர்வ் வங்கி விதி. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர். விவரத்துக்கு 14448.

தாம்பரம்: இஎம்ஐ…

இல்லை.

காரைக்குடி: பையன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வளர்கிறான். சீருடை பேன்ட் எப்படி எடுப்பது?

இடுப்புக்குச் சரியாக, உயரத்துக்கு ஒரு சைஸ் கூட எடுங்கள். கீழே வெட்டாமல் இரண்டு அங்குலம் உள்ளே மடித்துக் கையால் தைக்கச் சொல்லுங்கள், மிஷின் தையல் போட்டால் பிரித்த இடத்தில் கோடு தெரியும். சட்டையைக் கொஞ்சம் லூசாகவே எடுங்கள், அதை மட்டும் பிரித்து நீட்ட வழியில்லை.