விபத்து நடக்காவிட்டால் பரிசு என்று அறிவித்தால் ஊழியர்கள் ஜாக்கிரதையாக வேலை செய்வார்களா?

செய்வார்களோ இல்லையோ, அடிபட்டால் மறைப்பார்கள். ஓசூர் சிப்காட்டில், இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்தி வடிவமாக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தபோது பார்த்தது இது.

கேட் பக்கத்தில் 'விபத்தில்லா நாட்கள்' போர்டு. நூறு நாள் தாண்டினால் ஆளுக்கொரு குக்கர். 94ஆம் நாள் நைட் ஷிப்டில் ராயக்கோட்டைப் பையன் ஒருவன் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான். என்னடா என்றேன். "ஒண்ணுமில்லண்ணா, ஷீட் கீறிடுச்சு." வேஸ்ட் துணியைப் பிரித்தால், சுண்டுவிரல் நகத்தோடு நசுங்கியிருந்தது. "இன்னும் ஆறே நாள், வெளியே காட்டாதே" என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களை என்ன சொல்ல, குக்கர் கொடுத்து வாயை அடைத்தது நாங்கள்தானே. மறைப்பதில் நஷ்டமும் அவனுக்குத்தான். தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயில், வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு, சாதாரண நோய் என்றால் சம்பளத்தில் 70 சதவீதம், வேலையில் பட்ட காயம் என்று பதிவானால் 90 சதவீதம்.

அப்புறம் முறையை மாற்றினோம். அடிபட இருந்து தப்பியதை, அதாவது 'நியர் மிஸ்'ஸை, வந்து சொல்பவருக்குப் பரிசு. பீகார், ஒடிசா ஆட்களும் இருந்ததால் எழுதிப் போட வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்றோம். முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. அடுத்த வாரம் சூளகிரியிலிருந்து வரும் ஓர் அக்கா, மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் ஒரு பட்டனில் மரத்துண்டைச் செருகியிருப்பதாகச் சொன்னார். இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். அப்போதுதான் கை உள்ளே மாட்டாது. ஒன்றை இப்படி அடைத்துவிட்டால் ஒரு கை மிச்சம். பீஸ் கூடும், இன்சென்டிவ் கூடும். அந்த இன்சென்டிவைக் கொடுத்ததும் நாங்கள்தான்! அதை நிறுத்த மேனேஜரிடம் மூன்று மாதம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

யார் செருகியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதோடு எல்லோரும் வாயை மூடியிருப்பார்கள். மாம்பழ சீசன் என்பதால் அக்காவுக்கு அன்றைக்கே ஒரு பெட்டி செந்தூரா. ஆனால் மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து, இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ஓடும்படி மாற்றியதைப் பார்த்த பிறகே மற்றவர்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

பரிசுக்காகச் சும்மா வந்து சொல்பவர்களும் உண்டு. சொல்லட்டும். தரையில் ஆயில் என்று ஒரே ஆள் மூன்று முறை வந்தான். துடைத்துவிட்டு, கூப்பனும் கொடுத்து அனுப்பினோம். நாலாவது முறைதான் குனிந்து பார்த்தோம். ஆயில் போகும் ஹைட்ராலிக் ஹோஸ் கசிந்துகொண்டிருந்தது.