பரங்கிக்காய் சாப்பிடுவதால் உடம்புக்கு என்ன நன்மை? சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிடலாமா?

முதலில், எந்தப் பூசணி என்பதைப் பார்த்துவிடுவோம். தோலில் சாம்பல் பூத்து, திருஷ்டிக்குக் கட்டுவதும் காசி அல்வா கிண்டுவதும் வெண்பூசணி. சதை மஞ்சளாக இருக்கும் பரங்கிக்காய் (சர்க்கரைப் பூசணி, மஞ்சள் பூசணி என்பதும் இதுதான்) வேறு இனம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்தது. இரண்டின் பலன்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. நான் சொல்லப்போவது பரங்கிக்காயைப் பற்றி மட்டும்.

இதை வாங்கிச் சாப்பிட முதல் காரணம் வைட்டமின் ஏ. நன்றாகப் பழுத்த காயில் 100 கிராமுக்கு 3 மில்லிகிராம் அளவில் பீட்டா கரோட்டின் இருக்கிறது. உடம்பு அதை மாற்றிக்கொள்ளும்போது சுமார் 250 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ கிடைக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 700 முதல் 900 மைக்ரோகிராம் வேண்டும். ஆக, ஒருவேளைக்கு 150 கிராம் பரங்கி சாப்பிட்டாலே பாதித் தேவையை நெருங்கிவிடலாம். மங்கிய வெளிச்சத்தில் கண் தெரிவதற்கும், தோலும் குடலின் உட்சவ்வும் ஆரோக்கியமாக இருப்பதற்கும், நோய் எதிர்ப்புக்கும் இந்த வைட்டமின் தேவை.

ஆனால் எல்லாப் பரங்கியிலும் இந்த அளவு வராது. நிறம்தான் கணக்கு. கடையில் கீற்று போட்டு வைத்திருந்தால் ஆழ்ந்த ஆரஞ்சு நிறமாக இருப்பதை எடுங்கள். வெளிறிய மஞ்சளில் சத்து மிகக் குறைவு. விதை உப்பிப் பருத்திருக்க வேண்டும். விதையைச் சுற்றியுள்ள நார் கொழகொழவென்று வழுக்கினால் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். முழுக்காய் என்றால் தோலில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் இன்னும் முற்றவில்லை. இளம் பரங்கியில் பால் கூட்டு அருமையாக வரும்; கரோட்டினை மட்டும் அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்து, சமைக்கும்போது பலர் செய்யும் தவறு. எடை குறைக்க வேண்டும் என்று எண்ணெயே விடாமல் ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். கரோட்டின் கொழுப்பில் கரைவது. கொழுப்பு இல்லாவிட்டால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. அதற்காக நிறைய ஊற்றவும் வேண்டாம். ஒருவர் சாப்பாட்டில் 3 முதல் 5 கிராம் கொழுப்பு போதும், அதாவது ஒரு டீஸ்பூன் எண்ணெய். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டுக்கு அதுவும் கூடத் தேவையில்லை.

காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனால் 250 கிராம் காய்க்கு அரை டம்ளருக்கும் குறைவாகத் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, சிறு தீயில் 8-10 நிமிடம் வைத்தால் வெந்துவிடும். குக்கரில் வைத்தால் களியாகிவிடும். குழம்பில் துண்டு கரையாமல் நிற்க வேண்டுமானால் புளித்தண்ணீரிலேயே போட்டு வேகவிடுங்கள். புளிப்பு சேர்ந்தால் காய் சீக்கிரம் குழையாது. பொங்கல் குழம்பிலும் திருவாதிரைக் குழம்பிலும் பரங்கித் துண்டு முழுசாகக் கிடப்பது இதனால்தான்.

சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிடலாமா? அளவோடு தாராளமாகச் சாப்பிடலாம். இனிப்பாக இருப்பதால் பயப்படுகிறார்கள். 100 கிராம் பரங்கியில் மாவுச்சத்து 6-7 கிராம்தான், கலோரி 26. அதே எடை உருளைக்கிழங்கில் 17 கிராம், சோற்றில் 28 கிராம். கிளைசெமிக் குறியீடு (ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்ற கணக்கு) அதிகம் என்று சொல்வது, மாவுச்சத்தின் அளவைப் பார்க்காமல் வேகத்தை மட்டும் பார்ப்பது. வெல்லம் போட்ட பச்சடியும் பரங்கி அல்வாவும் வேறு கதை. அங்கே ஏறுவது வெல்லத்தாலும் சீனியாலும்தான்.

விதையைத் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீரில் போட்டுப் பிசைந்து நாரையும் வழவழப்பையும் கழுவி, இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவைத்து, சிறு தீயில் வறுத்து உரித்துச் சாப்பிடலாம். உரித்த பருப்பு 30 கிராமில் 8 கிராமுக்குமேல் புரதமும் நிறைய மக்னீசியமும் உண்டு. சரியாகக் காயாமல் டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். அதைக் கழுவிப் பயன்படுத்தக் கூடாது.

தினமும் நிறையச் சாப்பிட்டால் உள்ளங்கை மஞ்சளாகலாம். கண்ணின் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருந்தால் அது கரோட்டின் நிறம்தான், குறைத்துக்கொண்டால் போய்விடும். கண்ணும் மஞ்சளானால் காமாலையா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், இதில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் இருப்பதால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது நல்லது.

கடைசியாக ஒன்று. வெட்டியதும் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் போடுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நஞ்சு. கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். வேகவைத்தாலும் போகாது, வெல்லம் போட்டாலும் போகாது.