மண்ணெண்ணெய் இல்லாத தோட்டம்: கேள்வி பதில்

நான் யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்க்கும் நீர்வேலிக்கும் இடையிலுள்ள செம்மண் தோட்டக்காணியில் வளர்ந்தவன். 1990 ஆனி மாதம் சண்டை மறுபடி தொடங்கியபோது எனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடம் பாதி, தோட்டம் பாதி என்று 1995 ஐப்பசி வரை அப்பாவோடு நின்றேன். அந்த ஐந்து வருடமும் ஒரு கமக்காரக் குடும்பம் எப்படிச் சீவித்தது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். யார் சரி, யார் பிழை என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அதைப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். கிணறு, மாடு, வெங்காயம் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு விவசாயி: ஐயா, உங்கள் பக்கம் ஆறும் இல்லை, கால்வாயும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் எதை நம்பி விவசாயம்? போர் அதை எப்படிப் பாதித்தது?

எல்லாம் கிணறுதான். கீழே சுண்ணாம்புக் கல், மேலே செம்மண். மாரி மழை கல்லுக்குள் இறங்கி நிற்கும். அதை வருடம் முழுக்க இறைத்து வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை செய்வோம். செம்மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது. வெங்காயத்துக்கு நாலு நாளைக்கு ஒருதரமாவது இறைக்காவிட்டால் தாள் நுனி மஞ்சளாகிவிடும்.

நான் பிறப்பதற்கு முன்பே துலா (உங்கள் பக்கத்து ஏற்றம்) போய் இறைப்பு மிஷின் வந்துவிட்டது. எங்கள் பக்கத்து மிஷின்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 1990இல் மின்சாரமும் போய், எரிபொருளுக்கு அரசாங்கத் தடையும் வந்தது. போர்க்காலம் என்றால் சோறு குறைந்திருக்கும் என்றுதான் வெளியில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். எங்களுக்கு முதலில் குறைந்தது மண்ணெண்ணெய். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. கையில் எத்தனை போத்தல் இருக்கிறதோ அத்தனை பரப்புத்தான் பயிர். (எங்கள் தோட்டக் கணக்கில் 16 பரப்பு ஒரு ஏக்கர்.) எங்களிடம் பன்னிரண்டு பரப்பு இருந்தது. 1991 சிறுமாரி முடிந்து பார்த்தால் ஐந்து பரப்பில்தான் பச்சை தெரிந்தது. மீதியில் குரக்கன் (கேழ்வரகு) விதைத்தோம், மரவள்ளி ஊன்றினோம். இரண்டும் தண்ணீருக்கு அதிகம் அடம்பிடிக்காதவை.

கண்டியிலிருந்து ஒரு மாணவர்: சேர், என்னென்ன பொருட்களுக்குத் தடை இருந்தது? கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒன்றும் கிடைக்காதா?

பெற்றோல், டீசல், யூரியா, சீமெந்து, பற்றரி, மெழுகுதிரி என்று பட்டியல் நீளும். காலத்துக்குக் காலம் அது மாறும். மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் அளவோடு வரும், சில மாதம் வராமலே போகும். சங்கக்கடையில் கூப்பன் அட்டைக்கு அரிசி, மா, சீனி கொடுப்பார்கள். எண்ணெய் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் விடியமுன்பே போத்தலோடு வரிசை நிற்கும். சில நாள் ஆளுக்குப் பதிலாகப் போத்தலே வரிசையில் நிற்கும். அதைத் தள்ளிவிட்டு முன்னுக்குப் போக யாருக்கும் மனம் வராது.

அதே மாணவர்: பெற்றோலே இல்லாமல் மிஷினை எப்படி இயக்கினீர்கள்? அது பெற்றோலில் அல்லவா முதலில் ஸ்டார்ட் ஆகும்?

நல்ல கேள்வி, தம்பி. மிஷின் குளிராக இருக்கும்போது மண்ணெண்ணெயில் பற்றாது. கொஞ்சம் பெற்றோலில் இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்தக் கொஞ்சத்தைத்தான் பெனடோல் பாணிப் போத்தலில் ஊற்றி, சாமியறையில் ஒளித்து வைத்திருந்தார் அப்பா. ஒரு இறைப்புக்கு இரண்டு மூடி. அவர் ஊற்றும்போது எங்களைப் பக்கத்தில் விடமாட்டார், மூச்சுப் பட்டு ஆவியாகிவிடுமாம். இதே வித்தையில் மோட்டார் சைக்கிள்களும் பழைய ஏ40 கார்களும் ஓடின. பின்னால் போனால் கண்ணெரியும் புகை.

டொரோன்டோவிலிருந்து ஒரு தங்கை: அண்ணா, "நான் துலா மிதிச்சனான்" என்று என் அப்பா எப்போதும் பெருமையடிப்பார். அதில் அப்படி என்ன கஷ்டம்?

அப்பா சும்மா சொல்லவில்லை, தங்கச்சி. 1991 நடுப்பகுதியில் மிஷினைச் சாக்கால் மூடிவிட்டு நாங்களும் துலாவுக்குத் திரும்பினோம். கிணற்றடியில் பூவரசங்கட்டையில் இரண்டு ஆடுகால் நட்டு, குறுக்கே அச்சுலக்கை போட்டு, அதன்மேல் நீளத் துலா. துலாவின் ஒரு நுனியில் கொடிக் கயிறும் வாளியும். மேலே நிற்பவர் கிணற்றுப் பக்கம் நாலு எட்டு நடந்தால் வாளி இறங்கும். திரும்பி அடிப்பக்கம் நடந்தால் நிறைந்த வாளி மேலே வரும். கிணற்று மிதியில் நிற்பவர் அதைப் பிடித்துத் தொட்டியில் கவிழ்ப்பார். தண்ணீர் வாய்க்காலில் ஓடும். அங்கே ஒருவர் மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறுவார்.

ஆக, மிஷின் இருந்தால் ஒரு ஆள், துலாவென்றால் குறைந்தது மூன்று ஆள். எங்கள் வீட்டில் அப்பா வாளி, நான் மேலே, அம்மா தண்ணி மாறுவது. விடிய நாலு மணிக்குத் தொடங்கினால் எட்டு மணிவரை. பனியில் துலா வழுக்கும், அதனால் சாம்பல் தூவிவிட்டு ஏறுவேன். முதல் கிழமை உள்ளங்கால் தோல் உரிந்து செருப்புப் போட முடியவில்லை. அப்பா இருபது வருடமாகத் துலாக்கொடி பிடிக்காதவர். அவருடைய கையும் கொப்பளித்தது, ஆனால் எனக்குக் காட்டவில்லை. இரவு அம்மா தேங்காயெண்ணெய் தடவுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று. துலாவில் நிற்பவன்தான் அந்த வெளியிலேயே உயரத்தில் நிற்பவன். ஹெலிச் சத்தம் கேட்டால் மற்றவர்கள் வாழைக்குள் ஓடலாம். நான் நினைத்தவுடன் குதிக்க முடியாது. நிறைவாளி மேலே வரும்போது குதித்தால் வாளி கிணற்றுக்குள் விழும், துலா எகிறும், மிதியில் நிற்கும் அப்பாவின் தலை போகும். முதலில் வாளியை மெல்ல இறக்கி, பிறகுதான் நான் இறங்க வேண்டும். அந்த நாலு எட்டை இன்றைக்கும் கனவில் நடக்கிறேன்.

கொழும்பிலிருந்து ஒரு வாசகர்: யூரியா இல்லாமல் விளைச்சல் எப்படி இருந்தது? இயற்கை விவசாயத்துக்கு அது நல்ல பாடமாக அமைந்ததா?

பாடமாக அமைந்ததா என்று கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். விரும்பிச் செய்தது வேறு, வழியில்லாமல் செய்தது வேறு. விளைச்சல் முதல் வருடமே விழுந்தது. அப்புறம் அப்பு (தாத்தா) காலத்து முறைகளைத் தேடிப் பிடித்தோம். வேலியில் நின்ற பூவரசு, கிளிசறியா, பற்றையில் நின்ற ஆடாதோடை எல்லாவற்றையும் வெட்டி, சால் கிண்டிக் குழையாக மண்ணுக்குள் தாட்டோம். பழைய பனையோலையும் வேலி பிரித்த கையோடு மண்ணுக்குள் போனது. மாடு வைத்திருப்பவரிடம் கேட்டு இரவில் பட்டி அடைத்தோம், ஒரு தோட்டத்தில் நாலு இரவு, பிறகு அடுத்த தோட்டம். மண் நன்றாக இருந்தது, மறுக்கவில்லை. கத்தரியும் பயற்றங்காயும் நல்ல ருசி. ஆனால் வேலிகள் மொட்டையாகிவிட்டன. விறகுக்கும் அதே மரம், பங்கர் என்ற பதுங்குகுழிக்கும் அதே மரம், குழைக்கும் அதே மரமென்றால் எத்தனைக்குத்தான் தாங்கும்?

மதுரையிலிருந்து ஒரு வாசகி: சோப்பு இல்லாமல் துணி துவைத்தது எப்படி, ஐயா?

பனம்பழம். பிசைந்து சாறு எடுத்துத் துணியை ஊறவைத்தால் அழுக்குப் போகும், நுரைகூட வரும். கொடியில் காயப்போட்டுவிட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகக்கூடாது. பழ வாசத்துக்கு மாடு வந்துவிடும். என்னுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டின் ஒரு கை அப்படித்தான் போனது.

மட்டக்களப்பிலிருந்து ஒரு தம்பி: அண்ணை, இரவில் வெளிச்சம்? செய்தி கேட்க றேடியோ?

ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், நடுவில் சின்னக் குழாய்க்குள் திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே எரிவதால் காற்றுக்கு அணையாது, வெளிச்சமும் வெளியே அதிகம் தெரியாது. ஒரு கரண்டி எண்ணெயில் இரவு நெடுநேரம் எரியும். வீட்டில் ஒரே விளக்குத்தான். தங்கச்சி படிக்கும்போது அம்மா அடுப்பு வெளிச்சத்தில் சமைப்பார்.

றேடியோவுக்குச் சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும், மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்பார்கள். சுற்றுபவர் களைத்தால் செய்தி இழுபடும். துலா மிதித்த காலுக்கு ஓய்வு, இரவில் கைக்கு வேலை.

லண்டனிலிருந்து ஒரு மருமகள்: மாமா, தோட்டத்துக்குள்ளும் பங்கர் வெட்டினீர்களா?

வீட்டில் ஒன்று, தோட்டத்தில் ஒன்று. பலாலி இராணுவ முகாம் பக்கத்திலிருந்து ஷெல் வரும், மேலே பொம்மர் வரும், 'சகடை' என்று நாங்கள் சொல்லும் பழைய விமானம் பீப்பாக் குண்டைத் தள்ளிவிடும். வீட்டுக்கு ஓட நேரமிருக்காது. எங்கள் இடத்தில் மூன்று முழம் கிண்டினால் கல் தட்டும், அதனால் பாதி பள்ளம், பாதி மேடு. மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூடை. ஐப்பசி கார்த்திகை மழைக்குத் தண்ணீர் நிற்கும், பாம்பு ஒதுங்கும். ஷெல்லுக்குப் பயந்து உள்ளே போய், பாம்புக்குப் பயந்து வெளியே வந்தவர்கள் ஊரில் உண்டு. அம்மா பங்கர் மண்மூடைமேல் பூசணிக்கொடி படரவிட்டார். நல்ல காய்.

தஞ்சாவூர் விவசாயி மறுபடியும்: விளைந்ததை எங்கே விற்றீர்கள்? விலை கிடைத்ததா?

இதில்தான் வயிறு எரியும். முன்பு எங்கள் வெங்காயமும் மிளகாயும் லொறியில் கொழும்புக்குப் போகும். ஆனையிறவுப் பாதை அடைபட்ட பிறகு, கொம்படி ஊரியான் வெளி, பிறகு கிளாலிக் கடல், இவைதான் வெளியே போகும் வழி. கிளாலியில் இரவு வள்ளத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு போகிறவர், நிறைய வெங்காயம் கொண்டு போவாரா? சுன்னாகம் சந்தையில் அறுவடைக் காலத்தில் எல்லோருடைய வெங்காயமும் குவிந்து விலை நிலத்தில் கிடக்கும். நாலு மாதம் கழித்து வாங்கப் போனால் ஆளைக் கொல்லும். புகையிலைக்காரர் பாடு இன்னும் மோசம், அதைச் சாப்பிடவும் முடியாது.

ஆனால் விதை வெங்காயத்தை மட்டும் யாரும் விற்கவில்லை. பிடி பிடியாகக் கட்டி வீட்டுக் கூரையடியில் புகை படுமிடத்தில் தொங்கவிட்டோம்.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: அதே காலத்தில் வன்னியில் நிலைமை எப்படி?

அங்கே நெல்லும் குளமும். கிளிநொச்சிப் பக்கத்து வயல்களுக்கு இரணைமடுக் குளம். டீசல் தட்டுப்பாட்டால் உழவு யந்திரம் குறைந்து எருது திரும்பி வந்தது. சூடு மிதிப்பதும் (கதிரடிப்பதும்) மாட்டைக் கட்டித்தான். எங்கள் சித்தப்பா அங்கே ஒரு காலபோக அறுவடைக்கு என்னைக் கூட்டிப் போனார். களத்தில் நெல்லை நெல் என்று சொன்னதற்கு ஒரு கிழவரிடம் ஏச்சு வாங்கினேன். களத்துக்குள் அது "பொலி". வன்னி வாழ்க்கையை விரிவாகச் சொல்ல அங்கே விளைந்தவர்தான் வேண்டும், நான் விருந்தாளி.

டொரோன்டோத் தங்கை: 1995 இடம்பெயர்வில் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டா போனீர்கள்?

ஓம். ஒக்ரோபர் 30 பின்னேரம் எங்கள் பகுதியான வலிகாமத்தை விட்டு, கிழக்கே தென்மராட்சிக்குப் போகச் சொல்லி அறிவித்தார்கள். மழை வேறு. மிளகாய்க்கன்று நட்டு இரண்டு கிழமை. அப்பா மாடுகளின் கழுத்துக் கயிற்றை அறுத்துவிட்டார். கயிறோடு விட்டால் எங்காவது சிக்கிச் சாகும் என்றார். மிஷினைப் பொலித்தீனில் சுற்றி வாழைக்கிடையில் தாட்டோம். அம்மா சைக்கிள் கரியரில் உடுப்பைக் கட்டவில்லை, விதை வெங்காயத்தைக் கட்டினார். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடியும்வரை எடுத்தது. காலை வைத்தால் அடுத்த அடி வைக்க இடம் வேண்டுமே, அவ்வளவு சனம்.

மீசாலையில் ஒருவருடைய தென்னங்காணியில் இருந்தோம். மார்கழி முடியுமுன் அந்த விதை வெங்காயத்தைச் சாப்பிட்டு முடித்தோம். அம்மா உரித்துக்கொண்டே அழுதார். வெங்காயம்தானே, யாரும் ஏனென்று கேட்கவில்லை.

1996 சித்திரைக்குப் பிறகு திரும்பினால், தோட்டம் ஆளுயரப் பற்றை. மாடு ஒன்றும் இல்லை. மிஷின் மட்டும் தாட்ட இடத்தில் அப்படியே இருந்தது, துருவோடு.

வவுனியாவிலிருந்து ஒரு இளைஞர்: ஐயா, துலாவை இப்போது யாராவது பயன்படுத்துகிறார்களா?

எங்கள் பக்கத்தில் இல்லை, இப்போது கரண்ட் மோட்டர். ஆனால் 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்களே, அப்போது கமநல வகுப்பில் சேதனப் பசளை (இயற்கை உரம்) பற்றிப் புதிதாகச் சொல்வதுபோலச் சொன்னார்கள். பின்வரிசை வாங்கிலிருந்த கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த வருடம் எண்ணெய் வரிசை வந்து, மின்வெட்டும் சேர்ந்தபோது, பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து, "அண்ணை, துலா கட்ட என்னென்ன வேணும்?" என்று கேட்டான். நல்ல நேரான மரம், துலாக்கொடி, வாளி, விடிய நாலு மணிக்கு எழும்பும் மூன்று பேர் என்றேன். மரமும் கொடியும் தேடிப்பிடித்துவிட்டான். மூன்று பேர் கிடைக்கவில்லை.

எங்கள் ஆடுகாலில் ஒன்று இன்னும் கிணற்றடியில் நிற்கிறது. பூவரசல்லவா, தளிர்த்து மரமாகிவிட்டது. அம்மா அதில் வெற்றிலைக்கொடி ஏற்றியிருக்கிறார்.