சவேரியார் போன நாட்டில் கிறிஸ்துமஸ்

அன்புள்ள ஐயா,

நான் தூத்துக்குடிக்காரன். யோகோஹாமாவுக்கு வேலைக்கு வந்தபின் இது முதல் டிசம்பர். நவம்பரிலிருந்தே ஊர் முழுக்க விளக்கு, கடைக்குக் கடை கிறிஸ்துமஸ் மரம். ஆனால் 25ஆம் தேதி விடுமுறை கிடையாது. அலுவலகத்தில் எல்லோரும் கேட்பது கேஎஃப்சியில் கோழிக்கு முன்பதிவு செய்தாயா என்பதைத்தான். வெறும் வியாபாரமாகத் தெரிகிறது. இந்த வருடம் கொண்டாடாமல் விட்டுவிடலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். ஆறு வயது மகள்தான் குடில் எப்போது வைப்போம் என்று நச்சரிக்கிறாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், யோகோஹாமா

அன்புள்ள நண்பருக்கு,

விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் பார்ப்பது ஜப்பானியர்கள் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட ஒரு குளிர்காலக் கொண்டாட்டம். அங்கே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். 24ஆம் தேதி மாலை காதலர்களுக்கு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஸ்ட்ராபெர்ரி வைத்த கிரீம் கேக். கோழிப் பழக்கம் 1974இல் கேஎஃப்சி செய்த விளம்பரத்தால் நாடு முழுக்கப் பரவியது. வியாபாரம்தான், சரி. ஆனால் அதனால் நம்மிடமிருந்து எதுவும் பறிபோகவில்லை. ஊருக்குப் போவது, குடும்பம் கூடுவது, கோயிலுக்குப் போவது எல்லாம் அவர்களுக்குப் புத்தாண்டில். 31ஆம் தேதி இரவு சோபா என்ற நூடுல்ஸ் சாப்பிட்டு, கோயில் மணி 108 முறை அடிப்பதைக் கேட்பவர்களைப் பாருங்கள். நீங்கள் தேடும் முகக்களை அன்றைக்குத் தெரியும்.

அப்புறம், நீங்கள் தூத்துக்குடிக்காரர் என்பதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். முத்துக்குளித்துறையில் ஜெபங்களைத் தமிழில் எழுதவைத்து, மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்த அதே புனித பிரான்சிஸ் சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்கினார். உங்கள் முன்னோருக்கும் நாகசாகிப் பக்கத்துக் கிராமத்தாருக்கும் ஒரு தலைமுறை இடைவெளியில் ஒரே இடத்திலிருந்துதான் விசுவாசம் வந்தது. அதன் பிறகு அவர்கள் பட்டது நம்மவர்கள் படாதது.

1614இல் நாடு முழுக்கக் கிறிஸ்தவத்துக்குத் தடை. குருக்கள் துரத்தப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். ஞானஸ்நானம் கொடுப்பதும் ஜெபம் சொல்லிக்கொடுப்பதும் விவசாயிகள், மீனவர்கள் கைக்கு வந்தன. திருநாள்களைக் கணக்கிட்டுச் சொல்ல ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெரியவர் இருந்தார். நாகசாகிக்கு அருகே சொதொமே பகுதியில் பாஸ்தியான் என்ற உபதேசியார் விட்டுப்போன நாட்காட்டியைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றினார்கள். 1865 மார்ச்சில் நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஓஉரா ஆலயத்துக்கு உரகாமி கிராமத்தார் சிலர் வந்து, பிரெஞ்சுப் பாதிரியார் பெத்திஜானிடம் மாதா சொரூபம் எங்கே என்று கேட்டார்கள். இருநூறு வருடத்துக்கு மேல் குருவின் முகத்தையே பார்க்காத ஜனங்கள். ஆண்டவர் பிறந்த திருநாளைப் பனி மாதத்தின் 25ஆம் நாள் கொண்டாடுகிறோம் என்று அவரிடம் சொன்னார்கள். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும். அதற்குப் பிறகும் துன்பம் தீரவில்லை. உரகாமியிலிருந்து 3,000க்கும் மேற்பட்டவர்களை ஊர்கடத்தினார்கள். கிறிஸ்தவத்துக்குத் தடை என்று வைத்திருந்த அறிவிப்புப் பலகைகள் 1873இல்தான் இறங்கின.

விடுமுறையும் இல்லாமல், குருவும் இல்லாமல், பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும் அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடியிருக்கிறார்கள். நீங்கள் வாழ்வது அவர்களுடைய நாட்டில். அங்கே உங்களுக்கு இந்தத் திருநாள் அந்நியம் இல்லை.

செய்யவேண்டியது கொஞ்சம்தான். 25ஆம் தேதிக்குச் சம்பளத்தோடு விடுப்பு கேளுங்கள். ஜப்பானில் ஆறு மாதம் ஒழுங்காக வேலை பார்த்தவருக்குச் சட்டப்படி 10 நாள் உண்டு, கேட்கத் தயங்காதீர்கள். 24ஆம் தேதி மாலை பூசைக்குப் பங்குக் கோவிலுக்குப் போங்கள். ஆங்கிலப் பூசை வேண்டுமென்றால் தோக்கியோவில் யோத்சுயா இஞ்ஞாசியார் ஆலயம் இருக்கிறது. பிலிப்பைன்ஸ், வியட்நாம், பிரேசில்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் ஊரை விட்டு வந்தவர்கள்தான், பூசை முடிந்ததும் பேச்சுக் கொடுங்கள். கிறிஸ்தவரல்லாத ஜப்பானியர்களும் அன்றைக்கு வருவார்கள். உங்களோடு வேலை பார்ப்பவர்களில் யாருக்காவது ஆர்வம் இருந்தால் கூட்டிப்போங்கள். கோழியைப் பற்றிக் கேட்டவர்களே வரக்கூடும்.

குடிலை இந்த ஞாயிறே மகளோடு உட்கார்ந்து கட்டிவிடுங்கள். 26ஆம் தேதி காலை கடைகளில் மரத்தை எடுத்துவிட்டுப் புத்தாண்டுக்கான பைனும் மூங்கிலும் வைத்துவிடுவார்கள். உங்கள் வீட்டில் குடில் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை இருக்கட்டும்.

அன்புடன்.