"வண்டி தானா திரும்பிடுச்சு, அக்கா"

கேள்வி: அப்பா 20 வருடமாகக் குடிக்கிறார். மூளையில் பதிந்துபோன சாய்வைக் கணினிப் பயிற்சியால் மாற்றி, குடியை நிறுத்த உதவலாம் என்று படித்தேன். பதற்றம், மனச்சோர்வுக்கும் இப்படிப் பயிற்சி உண்டாம். இது உண்மையிலேயே பலன் தருமா?

குடிக்குப் பலன் தரும், ஆனால் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தால்தான். அந்தப் பயிற்சியை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். என் தம்பிக்கு நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

நாங்கள் காவேரிப்பட்டணம் பக்கம். தம்பிக்கு சந்தூரில் நாற்றுப் பண்ணையில் மாங்கன்று ஒட்டுக் கட்டும் வேலை. நாட்டுக் கன்றின் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, ஆப்பு மாதிரி செதுக்கிய ஒட்டுக்குச்சியைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். வாய் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கும், கை தன்பாட்டுக்குக் கட்டிக்கொண்டே போகும். அந்தக் கை காலையில் நடுங்க ஆரம்பித்த பிறகுதான் குடி எவ்வளவு முற்றிவிட்டது என்று வீட்டில் எங்களுக்குத் தெரிந்தது.

முதலில் நாங்களே வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்தினோம். இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. நிறைய நாள் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இப்படி வரும், உயிருக்கே ஆபத்து என்று அப்போது எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. அப்புறம் ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் மூன்று மாதம் பூட்டி வைத்தார்கள். மருத்துவரும் கிடையாது, ஆலோசனையும் கிடையாது. வெளியே வந்த நாலாவது நாள் குடித்துவிட்டு வந்தான். நான் கத்தியபோது தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "சத்தியமா குடிக்கணும்னு நெனச்சுப் போகல அக்கா. வேலை முடிஞ்சு வந்தேன், வண்டி தானா திரும்பிடுச்சு."

நான் நம்பவில்லை. அம்மா அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

பிறகு பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே இருந்த உளவியலாளர் இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு, "அவர் பொய் சொல்லலைம்மா" என்றார். நீங்கள் படித்த விஷயத்தை நான் முதன்முதலில் கேட்டது அவரிடம்தான். ஆங்கிலத்தில் காக்னிட்டிவ் பயாஸ் மாடிஃபிகேஷன் என்கிறார்கள்.

அவர் விளக்கியது இதுதான். வருடக்கணக்காகக் குடித்தவரின் மூளை பாட்டிலை, கடைப் பலகையைக் கண்டதும் யோசனைக்கு முன்பே அதை நோக்கிச் சாய்ந்துவிடுகிறது. 'வேண்டாம்' என்ற எண்ணம் மெதுவாக வரும், அதற்குள் கால் நகர்ந்திருக்கும். ஒட்டுக் கட்டும் கைக்கு யோசனை தேவைப்படாத மாதிரியேதான் இதுவும். அறிவுரை போய்ச் சேருவது மெதுவாக வரும் எண்ணத்திடம், முந்திக்கொண்டு சாய்வதிடம் அல்ல. நாங்கள் இத்தனை வருடம் அழுது, சத்தியம் வாங்கி, கோயிலில் கயிறு கட்டியதெல்லாம் ஏன் பலிக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அந்த வேகமான சாய்வைப் பழக்கத்தாலேயே திருப்பப் பார்ப்பதுதான் பயிற்சி. திரையில் படங்கள் வரும், கையில் விளையாட்டுக் கருவி மாதிரி ஒரு பிடி இருக்கும். படம் நின்றவாக்கில் வந்தால் தள்ள வேண்டும், படுத்தவாக்கில் வந்தால் இழுக்க வேண்டும், உதாரணத்துக்கு. தள்ளினால் படம் சிறிதாகிக்கொண்டே போகும், இழுத்தால் பெரிதாகி அருகில் வரும். மதுப் படங்களையெல்லாம் தள்ளும்படி, தண்ணீர், பழச்சாறு படங்களை இழுக்கும்படி அமைத்திருப்பார்கள். நூற்றுக்கணக்கான முறை கை தள்ளிப் பழகும்.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் ரைனவுட் வியர்ஸும் அவர் குழுவும் ஜெர்மனியில் உள்நோயாளிகளாக இருந்த 214 பேரிடம் இதைச் சோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு நான்கே அமர்வுகள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பயிற்சி பெறாதவர்களில் 59 சதவீதம் பேர் மறுபடி குடிக்கு விழுந்திருந்தார்கள், பெற்றவர்களில் 46 சதவீதம். மெல்போர்னில் 300 பேரிடம் செய்து 2021-ல் வந்த ஆய்வில், மருத்துவமனையை விட்டுப் போன இரண்டு வாரத்தில் குடிக்காமல் இருந்தவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 54.4 சதவீதம், மற்றவர்களில் 42.5 சதவீதம். நூறு பேரில் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் வித்தியாசம். சின்ன எண்தான். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் என் தம்பியாக இருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. இந்தப் பலன் தெரிந்தது மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தவர்களிடம். வீட்டில் கைப்பேசியில் தனியாகச் செய்தால் இதே பலன் வரும் என்று சொல்ல ஆதாரம் போதவில்லை.

எங்கள் தம்பிக்கு அந்தக் கணினிப் பயிற்சி கிடைக்கவில்லை. கிடைத்தது மருந்து, ஆலோசனை, மாதாமாதம் தவறாத பரிசோதனை. கூடவே உளவியலாளர் ஒரு வழி சொன்னார்: வண்டி எந்த இடத்தில் திரும்புகிறதோ அந்த இடத்தையே பழக்குங்கள். கடைக்குத் திரும்பும் பிரிவு வரும்போது நேராகப் போய் டீக்கடையில் நிற்க வேண்டும், அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வியர்ஸ் குழுவே பிற்காலத்தில், வெறுமனே தள்ளுவதை விட அவரவருக்குச் சறுக்கும் சூழலில் மாற்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பழக்குவது நல்லது என்ற பக்கம் வந்திருக்கிறது. அதைப் பின்னால் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இரண்டு மாதம் தினமும் சாயங்காலம் நான் வண்டியில் அவன் பின்னால் உட்கார்ந்து போனேன். முதல் வாரம் அந்தப் பிரிவு வரும்போது அவன் தோள் இறுகுவது எனக்கே தெரியும். ஒரு பேச்சும் பேசமாட்டோம். டீக்கடையில் இறங்கியதும்தான் மூச்சு வரும். ஒரு நாள் அவன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினான், பிரிவு தாண்டிப் போனதை இருவருமே கவனிக்கவில்லை. இதனால்தான் விட்டான் என்று நான் சொல்லவில்லை, மருந்தும் மருத்துவரும் இல்லாமல் அந்த நாள் வந்திருக்காது. நடுவில் ஒரு மாம்பழ சீசனில் சறுக்கினான். அப்போது திட்டாமல் மறுநாளே மருத்துவரிடம் கூட்டிப்போனோம்.

பதற்றத்துக்கும் கேட்டீர்கள். பதற்றம் உள்ளவர் கண் மிரட்டும் சொல்லுக்கே முதலில் போகிறது என்று 1986-லேயே மெக்லியோட், மேத்யூஸ், டாட்டா என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் காட்டினார்கள். கவனத்தை வேறு பக்கம் திருப்பும் பயிற்சி அதிலிருந்து வளர்ந்தது. முடிவுகள் ஒரே மாதிரி இல்லை, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் பலன் சிறியது என்றே சொல்கிறார்கள். மனச்சோர்வுக்கு இதை நம்பி மருந்தையோ ஆலோசனையையோ நிறுத்திவிடாதீர்கள். பணம் கட்டச் சொல்லும் செயலிகளும் வேண்டாம்.

உங்கள் அப்பாவை வீட்டிலேயே நிறுத்த வைக்க வேண்டாம். 14416-க்குக் கூப்பிடுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். மனநல மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், குடிக்காத காலையில் கை நடுங்குகிறதா, எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா. அப்புறம், எந்த வழியாக, எத்தனை மணிக்கு, யாரோடு கடைக்குப் போகிறார் என்பதையும் அப்பாவிடமே கேட்டு எழுதுங்கள். கோபப்படாமல் கேளுங்கள்.