அரபு நாடுகளில் பெண்கள் சினிமா இயக்குகிறார்களா? அவர்கள் படங்களில் எதைப் பார்க்கலாம்?

இருக்கிறார்கள், ரொம்ப காலமாகவே. எகிப்தில் 1927இல் வந்த 'லைலா' என்ற மௌனப்படத்தைத் தயாரித்து, நாயகியாகவும் நடித்தவர் அஸீஸா அமீர் என்ற பெண். ஆனால் முழு வரலாறு சொல்ல நான் ஆளில்லை. எனக்கு நெருக்கமான மூன்று படங்களைப் பற்றிச் சொல்கிறேன். ஏன் நெருக்கம் என்பதற்கு முதலில் என் கதை கொஞ்சம்.

2004 முதல் 2011 வரை சவூதியில் அல்கோபரில் ஹவுஸ் டிரைவர் விசாவில் இருந்தேன். அந்த வீட்டு மேடம் ஒரு டீச்சர். காலையில் அவரை ஒரு பள்ளியிலும் பிள்ளைகளை இன்னொரு பள்ளியிலும் இறக்கிவிட்டு, மதியம் வரை வண்டியிலேயே கிடப்பேன். அப்போது ஊரில் தியேட்டர் கிடையாது. வார விடுமுறையில் கஃபீல் (எனக்கு விசா கொடுத்த முதலாளி) தன் குடும்பத்தோடு 25 கிலோமீட்டர் கடல் பாலத்தைத் தாண்டி பஹ்ரைன் போய்ப் படம் பார்த்துவிட்டு வருவார். சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் பின்சீட்டில் அந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சண்டை போடும். சவூதியிலிருந்து ஒரு பெண் படம் எடுத்திருக்கிறார் என்று என் மகள் சொன்னபோது நான் நம்பவில்லை. லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள்.

ஹைஃபா அல் மன்சூர் இயக்கிய 'வஜ்தா' (2012). முழுக்க சவூதிக்குள்ளேயே எடுத்த முதல் முழுநீளப் படம். ரியாத்தில் பச்சை சைக்கிளுக்கு ஆசைப்படும் பத்து வயதுப் பெண் ஒருத்தியின் கதை. சைக்கிள் வாங்கக் காசு சேர்க்க, பள்ளியில் நடக்கும் குர்ஆன் ஓதும் போட்டியில் சேருகிறாள். அப்பாவின் வம்சப் படம் சுவரில் தொங்குகிறது. அதில் ஆண்களின் பெயர்தான் உண்டு. அவள் ஒரு துண்டுத் தாளில் தன் பெயரை எழுதி அதில் குத்திவைக்கிறாள். அடுத்த முறை பார்க்கும்போது தாள் இல்லை. அதற்கு ஒரு வசனமும் கிடையாது.

தெருக்காட்சிகளை இயக்குநர் எப்படி எடுத்தார் தெரியுமா? ஆண்களோடு தெருவில் நின்று வேலை செய்ய முடியாத இடங்களில், ஒரு வேனுக்குள் உட்கார்ந்து, மானிட்டரைப் பார்த்தபடி வாக்கி டாக்கியில் சொல்லிச் சொல்லி எடுத்திருக்கிறார். வீட்டுக்குள் எடுக்கும்போது நடிகையின் பக்கத்திலேயே நிற்கலாம். வாசல் தாண்டினால் வேன். வண்டிக்குள் அடைபட்டு மற்றவர்களுக்காகக் காத்திருப்பது என்னவென்று ஏழு வருடம் அறிந்தவன் நான். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தப் படத்தில் இக்பால் என்று ஒரு டிரைவர் வருகிறார், பாகிஸ்தான்காரர். வஜ்தாவின் அம்மாவை வேலைக்குக் கூட்டிப்போகிறவர். நேரமாகிறது என்று கத்துவார், கோபத்தில் வராமல் நின்றுவிடுவார். பெண்கள் வண்டி ஓட்டக்கூடாத காலம். 2018 ஜூனில்தான் அனுமதி வந்தது. டிரைவர் வராவிட்டால் அந்த அம்மாவுக்கு வேலையில்லை. வஜ்தாவும் அவள் கூட்டாளிப் பையனும் இக்பால் தங்கியிருக்கும் இடத்துக்கே போகிறார்கள். அந்தச் சின்னப் பையன் மிரட்டுகிறான். பெரிய மனுஷன் பணிந்து போகிறார். "அப்பா, உங்களையும் இப்படிப் பேசியிருக்காங்களா?" என்று மகள் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

பலர் இந்தக் காட்சியைச் சிரித்துக் கடந்திருப்பார்கள். எனக்கு இந்த இயக்குநர் மேல் மரியாதை வந்தது இங்கேதான். தன்னை ஒத்த பெண்களுக்கு நடக்கும் அநியாயத்தைச் சொல்ல வந்தவர், அதே வீட்டு வாசலில் நிற்கும் கூலிக்காரன் அதைவிடக் கீழே இருக்கிறான் என்பதை மறைக்கவில்லை. இக்பாலை நல்லவராகவும் காட்டவில்லை, அவர் மேல் பரிதாபமும் படவில்லை. நாங்கள் அப்படித்தான் இருந்தோம். வெயிலில் எரிச்சல்பட்டு மேடத்திடம் கத்திவிட்டு, ராத்திரி அதை நினைத்து வருந்தியிருக்கிறேன்.

அதன்பின் மற்ற அரபுப் பெண் இயக்குநர்களின் படங்களையும் தேடினேன். வீட்டு வேலை செய்கிறவர்களை அவர்கள் பார்த்த விதம்தான் என்னைப் பிடித்து வைத்தது.

துனிசியாவின் முஃபிதா த்லத்லி இருபது வருடத்துக்கு மேல் மற்றவர்களின் படங்களுக்கு எடிட்டிங் செய்தவர். 1994இல் அவர் இயக்கிய முதல் படம் வந்தது. தலைப்புக்கு 'அரண்மனையின் மௌனங்கள்' என்று பொருள். 1950களில் துனிசிய அரண்மனை ஒன்றின் சமையற்கட்டில் வேலை செய்யும் பெண்களும், அங்கேயே பிறந்து வளரும் ஒரு சிறுமியும். மேலே எஜமானர்களின் மாடி, கீழே அடுப்பும் ரொட்டி மாவும் பாட்டும். மாடியிலிருந்து கூப்பிட்டால் அம்மா போக வேண்டும். எதற்கென்று மகள் கேட்கக் கூடாது. கீழே எல்லோருக்கும் எல்லாம் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். படம் மெதுவாகத்தான் போகும். அவசரப்படாதீர்கள்.

லெபனானின் நதீன் லபக்கி எடுத்த 'கப்பர்நகூம்' (2018) கான் விழாவில் ஜூரி பரிசு வாங்கியது. என்னைப் பெற்றதற்காகத் தாய் தகப்பன் மேல் வழக்குப் போடுகிறேன் என்று கோர்ட்டில் நிற்கும் பையனைப் பற்றிப் பலரும் பேசினார்கள். நடித்த சிறுவன் பெய்ரூட்டில் இருந்த சிரியா அகதி. எனக்கு மறக்காதது ரஹீல் என்ற எத்தியோப்பியப் பெண். தங்குவதற்கான காகிதம் இல்லாமல் வேலை செய்துகொண்டு கைக்குழந்தையை ஒளித்து ஒளித்து வளர்க்கிறாள். கஃபீல் முறைதான் அங்கேயும். இகாமா என்ற தங்கும் அனுமதியின் தேதி தாண்டியவனின் நடையே மாறிவிடும், போலீஸ் வண்டி தெரிந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவான். அவள் நடப்பதும் அப்படித்தான். அந்த வேடத்தில் நடித்தவருக்கு நிஜத்திலும் காகிதம் கிடையாது. படப்பிடிப்பு நடந்த காலத்திலேயே அவர் கைதாகியிருக்கிறார்.

துனிசியாவின் கவ்தர் பென் ஹனியாவையும் சொல்லவேண்டும். காசாவில் 2024இல் கொல்லப்பட்ட சிறுமி ஹிந்த் ரஜப், உதவி கேட்டு ஃபோனில் பேசிய நிஜக் குரலை வைத்தே 2025இல் படம் எடுத்தார். வெனிஸில் நடுவர் குழுவின் பெரும் பரிசு கிடைத்தது. நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தக் குரலைக் கேட்க மனசு துணியவில்லை.

முதலில் 'வஜ்தா' பாருங்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். 'கப்பர்நகூம்' பார்க்கும் அன்று வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். முடிந்த பிறகு வெகுநேரம் நான் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன்.